எட்டரை விரல்கள்

எங்கள் மாமாவுக்கு எட்டரை விரல்கள். இடது கையில் ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை, நடுவிரல் பாதியில் நிற்கிறது. சின்ன வயதில் நானும் தங்கையும் அந்தக் கையைப் பிடித்து எண்ணுவோம். “மிச்சம் ஒன்றரை எங்க மாமா?” என்று கேட்டால், “மூவார்ல வெச்சிட்டு வந்துட்டேன்” என்பார். ஏதோ குடையைப் பேருந்தில் மறந்துவிட்டு வந்தவர் மாதிரி.

போன ஆண்டு எனக்கு ஒரு மேசை ரம்பம் வாங்கவேண்டும் என்று தோன்றியது. காரணம் சாதாரணமானது. இணையத்தில் தள்ளுபடியில் வாங்கிக் குவித்த ரஷ்ய மொழிபெயர்ப்புகளின் கனம் தாங்காமல் என் துகள்பலகை அலமாரி நடுவில் வளைந்துவிட்டது. வளைந்ததை மாற்றக் கேட்ட விலையில் நானே பலகை வாங்கி அறுத்துச் செய்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு எப்போதும் பொய். மரவேலை தொடங்கும் எல்லோரும் போடும் பொய்க் கணக்கு என்று பிறகு தெரிந்துகொண்டேன். பகலில் கணினியில் பம்புகளுக்கு வரைபடம் போடுகிறவன் நான். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் இயந்திரப் பொறியியல் படித்தும் ஒரு நாற்காலி செய்யத் தெரியாது. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மூலையை ஒதுக்கினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாமாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

“டேபிள் சா வாங்கப் போறியாமே? வாங்கு. ஆனா நான் வந்து பாக்கறவரைக்கும் சுவிட்ச போடாத.”

இலக்கிய இதழில் ரம்பத்தைப் பற்றி எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. அறுவை, பிளேடு, ரம்பம் என்று மூன்று சொல்லுக்கும் நம் பேச்சில் ஒரே பொருள்தான். இருந்தாலும் எந்த ரம்பத்தை வாங்குவது என்று தேடப்போய், இருநூற்று ஐம்பது வருட வரலாற்றுக்குள் விழுந்துவிட்டேன். மாமாவின் ஒன்றரை விரலும் அதற்குள் எங்கேயோ கிடந்தது.

முதலில் ஓர் எண். வீட்டு உபயோகத்துக்கான மேசை ரம்பத்தில் பெரும்பாலும் 10 அங்குலத் தட்டு இருக்கும், நிமிடத்துக்குச் சுமார் 4,000 சுற்று. சுற்றளவால் பெருக்கினால் பல்லின் வேகம் நொடிக்கு 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலையில் 110க்கு மேல் போனாலே சம்மன். இதை வீட்டு வாசலில், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓடவிடப்போகிறேன்.

இந்தச் சக்கரம் வருவதற்கு முன் பலகை எப்படி அறுத்தார்கள்? குழி வெட்டி, அதன் மேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர் நின்று நீண்ட ரம்பத்தை இழுப்பார்கள். மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்து வழிநடத்துவார். கீழே நிற்பவர் கண்ணிலும் வாயிலும் மரத்தூள் கொட்டும். நாள் முழுக்க இரண்டு பேர் இழுத்தால்தான் சில பலகை. ரம்பம் ஒரு திசையில்தான் அறுக்கும், திரும்பும்போது வெறுமனே போகும். பாதி உழைப்பு வீண். வட்ட ரம்பம் என்ற யோசனையின் விதை அந்த வீணாகும் பாதியில் இருக்கிறது. வட்டத்துக்குத் திரும்பிப் போகவேண்டிய அவசியமே கிடையாது.

இதை யார் முதலில் யோசித்தார்கள் என்று கேட்டால், அமெரிக்காவில் ஓர் அழகான கதை சொல்வார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹார்வர்ட் என்ற ஊரில் ஷேக்கர் என்ற சமயக் குழுவினரின் குடியிருப்பு இருந்தது. அங்கே தபித்தா பாபிட் என்ற பெண் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்கள் ரம்பம் இழுத்துப் பாதி இழுப்பை வீணாக்குவதைப் பார்த்து, வட்டமான தகரத்தில் பல் வெட்டித் தன் ராட்டினத்தில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தார். ஆண்டு 1813. ஷேக்கர்கள் காப்புரிமை எடுப்பதில்லை என்பதால் அவர் பெயர் பதிவாகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் முதல் வட்ட ரம்பம் இதுவல்ல. இங்கிலாந்தின் சவுத்தாம்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777லேயே ஒரு மரம் அறுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதில் ரம்பம் வட்ட வடிவம் என்று போகிறபோக்கில்தான் சொல்லியிருக்கிறார், எல்லோருக்கும் தெரிந்த பொருளைச் சொல்வதுபோல. எனவே மில்லரும் முதல் ஆள் இல்லை என்றே தோன்றுகிறது. பாபிட் தானாகவே யோசித்திருக்கலாம். ஒரே பொருளை இரண்டு ஊர்களில் இரண்டு பேர் கண்டுபிடிப்பது பொறியியலில் அதிசயம் இல்லை. ஒரு கதை பிடித்துப்போகிறது என்பதற்காக அதை முதலிடத்தில் உட்காரவைக்க முடியாதே என்பதுதான் என் வருத்தம்.

அதே சவுத்தாம்டனில் டெய்லர் குடும்பத்தினர் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பி செய்துகொடுத்தார்கள். பாய்மரக் கயிறு ஓடும் மரக் கப்பி. 74 பீரங்கி கொண்ட ஒரு போர்க்கப்பலுக்கு மட்டும் ஏறத்தாழ ஆயிரம் கப்பி வேண்டும். கடற்படைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். டெய்லர் தன் பட்டறையில் வட்ட ரம்பத்தை ஓட்டினார். பிரான்சிலிருந்து வந்த மார்க் புருனல் என்ற பொறியாளர், கப்பி செய்வதை முழுக்க இயந்திரங்களிடம் விடும் திட்டத்தோடு டெய்லரிடம்தான் முதலில் போனார். எங்கள் முறையே போதும் என்று அனுப்பிவிட்டார்கள். புருனல் கடற்படையிடமே போனார். ஹென்றி மாட்ஸ்லே இயந்திரங்களைச் செய்து கொடுத்தார். 1808க்குள் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 45 இயந்திரங்கள் ஆண்டுக்கு 1,30,000 கப்பி செய்தன. டெய்லர் குடும்பத்தின் ஒப்பந்தம் போனது.

நான் படித்த பொறியியல் புத்தகங்களில் இது பெருமையாகச் சொல்லப்படும் இடம். பெரும் உற்பத்தியின் தொடக்கம் என்பார்கள். தவறில்லை, அதில் சில இயந்திரங்கள் 1960கள் வரைக்கும் ஓடின. ஆனால் எல்லாப் புத்தகத்திலும் கூடவே வரும் இன்னொரு வரி இருக்கிறது. தேர்ந்த கைவினைஞர்கள் 110 பேர் செய்த வேலையைப் பயிற்சி இல்லாத 10 பேர் செய்தார்கள். வகுப்பில் இதை வேகமாகக் கடந்துவிடுவோம். மாமாவின் கையைத் தெரிந்த எனக்கு இப்போது அங்கே நிற்கத் தோன்றுகிறது. தொழில் தெரிந்த கைக்கு ரம்பம் எங்கே கடிக்கும் என்று தெரியும். பயிற்சி இல்லாத பத்துப் பேருக்கு அது யார் சொல்லிக்கொடுப்பார்கள்? (புருனலுக்கும் இதில் பெரிய வாழ்வு வந்துவிடவில்லை. கடற்படையிடம் பணத்துக்கு இழுபட்டார். வேறு தொழில்களிலும் நொடித்து 1821இல் கடனுக்காகச் சிறையில் இருந்தார்.)

நம் பக்கம் இந்தச் சக்கரம் வந்தது நீராவியோடு. ஜோகூர் பாருவில் ஜாலான் மெல்ட்ரம் என்று ஒரு தெரு இருக்கிறது. படிக்கிற காலத்தில் அங்கே எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன், பெயர் யாருடையது என்று யோசித்ததில்லை. ஜேம்ஸ் மெல்ட்ரம் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜோகூரில் நீராவி மர ஆலை நடத்தியவர். தீபகற்பத்தின் காடு சக்கரத்துக்குள் போன தொடக்கக் கதைகளில் அது ஒன்று.

வீட்டுக்குள் ரம்பம் வந்ததற்கு மின்மோட்டார்தான் காரணம். அதற்கு முன் பட்டறை என்றால் கூரையில் ஓடும் தண்டு, அதிலிருந்து இறங்கும் தோல் பட்டை. மோட்டார் சின்னதானதும் ஒவ்வோர் இயந்திரமும் தனியாக நிற்கக் கற்றுக்கொண்டது. 1906இல் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் என்ற ஜெர்மானியத் தச்சர், மரத்தோடு சேர்ந்து மேசையே நகரும் ரம்பத்தைச் செய்தார். இன்றைக்குக் கிச்சன் கேபினெட் செய்யும் கடைகளில் ‘பேனல் சா’ என்று நிற்பது அதன் வம்சம். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஹெர்பர்ட் டாட்ஸ் என்பவர் 1919இல் தொடங்கிய டெல்டா நிறுவனம், அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்து மரம் அறுக்க ஆசைப்படுகிறவனுக்கென்றே இயந்திரம் விற்றது. என்னைப் போன்ற ஆளை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லலாம். 1939இல் வந்த டெல்டாவின் யூனிசாவில், சாய்வாக அறுக்க மேசையைச் சாய்க்கத் தேவையில்லை, உள்ளே தட்டே சாயும். அந்த அமைப்பைத்தான் இன்னும் உலகம் முழுக்க நகலெடுக்கிறார்கள்.

மாமாவின் கதைக்கு வருகிறேன். தாத்தா கித்தா மரத்தில் பால் வெட்டியவர். இருபத்தைந்து, முப்பது வருடம் வெட்டினால் மரம் ஓய்ந்துவிடும், சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரம் முன்பெல்லாம் விறகு, புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் போகும். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் ஏறிவிடுவதால் வேறெதற்கும் ஆகாது என்று நினைத்தார்கள். போரான் உப்பை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் நிற்கும் என்று தெரிந்தபிறகு கதை மாறியது. 1980களில் கித்தாப் பலகை மேசையாகவும் நாற்காலியாகவும் கப்பலேறியது, மூவார் மரச்சாமான்களின் ஊரானது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிள்ளைகளில் சிலர், அப்பன் பால் வெட்டிய அதே மரத்தை அறுக்கும் வேலையில் போய்ச் சேர்ந்தார்கள். மாமா சேர்ந்தபோது அவருக்கு இருபது வயது. நாற்காலிக் கால் அறுக்கும் பிரிவு.

1998. மதியச் சாப்பாட்டுக்கு முன். ஒரு துண்டுக் கட்டை.

மேசை ரம்பத்தின் ஆபத்து அதன் முன்பக்கம் மட்டும் இல்லை. முன்பக்கப் பல் கீழ்நோக்கி இறங்கும், மரத்தை மேசைமேல் அழுத்தும். பின்பக்கப் பல் மேல்நோக்கி எழுந்து அறுப்பவரைப் பார்த்து வரும். மரத்துக்குள் இழுவிசை இருந்தால் அறுத்த வாய் மூடிக்கொண்டு தட்டைக் கவ்வும், அல்லது பலகை கொஞ்சம் திரும்பிப் பின்பல்லில் ஏறும். அவ்வளவுதான். கட்டை தூக்கி வீசப்படும், தள்ளிக்கொண்டிருந்த கை கட்டை இருந்த இடத்துக்குப் போகும். அந்த இடத்தில் இப்போது தட்டு மட்டும் இருக்கிறது. மாமா இதைச் சொல்லும்போது ‘வெட்டிருச்சு’ என்று சொல்லமாட்டார். “இழுத்துக்கிச்சு” என்பார். இயக்கவியல்படி அவர் சொல்தான் சரி.

இதைத் தடுக்க ஒரு சின்னத் தகடு போதும். ஆங்கிலத்தில் ரைவிங் நைஃப். தட்டுக்குப் பின்னாலேயே, அதன் வளைவை ஒட்டி நின்று, அறுத்த வாயைத் திறந்தே வைத்திருக்கும். மரம் பின்பல்லைத் தொடமுடியாது. புதிய கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் 1922இல் வந்த மரவேலை இயந்திர விதிகளே ஒவ்வொரு வட்ட ரம்பத்துக்கும் பின்னால் இது நிற்கவேண்டும் என்றன, கூடவே தள்ளுகட்டை கொடுக்கவேண்டும் என்றும். அமெரிக்காவில் புதிய வடிவமைப்புகளுக்கு இது கட்டாயமானது 2000களின் பிற்பகுதியில்தான்.

“ஒங்க மெஷின்ல தகடு இருந்துச்சா மாமா?”

“இருந்துச்சே. தகடும் மூடியும் சேந்தாப்புல. செவுத்துல, ஆணியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு.”

போட்டுக்கொண்டு அறுத்தால் மெதுவாகிறது என்று மேற்பார்வையாளர் கழற்றி மாட்டியிருக்கிறார். ஒரு நாளைக்கு இத்தனை கால் என்று கணக்கு. தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டேதான் மாமா வேலையைத் தொடங்கியிருக்கிறார். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த விரல், எந்தக் கணு வரை என்று பிரித்து விழுக்காடு போட்டிருப்பார்கள். அதன்படி பணம் வந்தது. அத்தை தையல் இயந்திரம் வாங்கினார்.

இனி நான் வாங்க ஆசைப்பட்டு வாங்காத ரம்பம். ஸ்டீவ் காஸ், அமெரிக்கர், இயற்பியலில் முனைவர் பட்டம், தொழில் காப்புரிமை வழக்கறிஞர், பொழுதுபோக்கு மரவேலை. 1999இல் அவருக்கு ஒரு யோசனை. தட்டில் மெல்லிய மின்சமிக்ஞையை ஓடவிட்டால், மனித உடல் தொட்டதும் அது சரியும், உலர்ந்த மரம் தொட்டால் சரியாது. சரிந்த கணத்தில் ஒரு ஸ்பிரிங், அலுமினியக் கட்டையைப் பல்லுக்குள் செருகும். 5 மில்லி வினாடிக்குள் தட்டு நின்று மேசைக்குக் கீழே போய்விடும். அதற்குள் தட்டு மூன்றில் ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கும். கை நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் போனால் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். பிளாஸ்டர் போட்டுவிடலாம். ஹாட்டாக்கை வைத்துச் செய்துகாட்டினார், பிறகு தன் விரலையே வைத்தார்.

2000த்தில் பெரிய கம்பெனிகளிடம் கொண்டுபோனார். யாரும் வாங்கவில்லை. விலையில் 8 விழுக்காடு வரை உரிமத்தொகை கேட்டார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்குத் திகிலாக இருந்தது. ஒரு மாடலில் இதைப் பொருத்தினால், பொருத்தாத மற்றவை ஆபத்தானவை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும், வழக்கு வரும் என்ற அச்சம். காஸ் தானே சாஸ்டாப் என்ற பெயரில் செய்து 2004இல் விற்கத் தொடங்கினார். அதற்கு முன்பே, 2003இல், எல்லா மேசை ரம்பத்துக்கும் இதைக் கட்டாயமாக்குங்கள் என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் மனு. அந்த நாட்டில் மேசை ரம்பத்தால் ஆண்டுக்கு 30,000க்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போகிறார்கள். 2010இல் போஸ்டன் நீதிமன்றத்தில், கையில் பலத்த காயம்பட்ட தரைப்பலகை பதிக்கும் தொழிலாளி ஒருவருக்கு 15 லட்சம் டாலர் தர ஜூரி சொன்னது. இப்படி ஓர் அமைப்பு இருந்தும் பொருத்தவில்லை என்பது அவர் தரப்பு வாதம்.

இதுவரை காஸ் கதாநாயகன். அடுத்த காட்சியில் பாஷ் கம்பெனி, தட்டைக் கெடுக்காமல் கீழே தள்ளும் தன் சொந்த அமைப்போடு ஒரு ரம்பத்தைக் கொண்டுவருகிறது. சாஸ்டாப் வழக்குப் போடுகிறது. 2017இல் அமெரிக்காவுக்குள் அந்த ரம்பம் வர முடியாதபடி தடை. விரலைக் காக்கப் பிறந்த கம்பெனி, விரலைக் காக்கும் இன்னொரு ரம்பத்தைச் சந்தையிலிருந்து அனுப்பிவைத்தது. அதே ஆண்டு சாஸ்டாப்பை ஜெர்மனியின் ஃபெஸ்டூல் குழுமம் வாங்கியது. 2024இல், விதி நடைமுறைக்கு வந்தால் முக்கியமான காப்புரிமை ஒன்றைப் பொதுவுக்கு விட்டுத்தருகிறோம் என்றார்கள். மனுப் போட்டு 21 வருடம் ஆகியிருந்தது. காப்புரிமை இல்லாவிட்டால் காஸ் இத்தனை ஆண்டு இதற்காக உழைத்திருப்பாரா என்ற கேள்வியும் நியாயம்தான். பொறியாளனாக என் அனுதாபம் அவர் பக்கம், மாமாவின் மருமகனாக பாஷ் பக்கம். பாபிட்டின் ராட்டினம் இந்த இடத்தில்தான் மறுபடி நினைவுக்கு வந்தது.

மாமாவுக்கு ஹாட்டாக் காணொளியைக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார்.

“இது எந்த வருசம்?”

“யோசிச்சது தொண்ணூத்தொம்போது மாமா.”

“எனக்குத் தொண்ணூத்தெட்டு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வந்திருந்தாலும் அங்க வாங்கியிருக்க மாட்டானுங்க. வாங்கியிருந்தாலும் கழட்டி ஆணியில மாட்டியிருப்பானுங்க” என்றார்.

நான் அந்த ரம்பத்தை வாங்கவில்லை. விலை, அனுப்பும் செலவு, ஒருமுறை வேலை செய்தால் தூக்கிப்போடவேண்டிய பிரேக் பெட்டி, கூடவே வீணாகும் தட்டு. அமெரிக்கக் கடைகளில் மலிவாகத் தெரிந்த மாடல்கள் 120 வோல்ட், நம் வீட்டில் 240. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் இங்கே 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். இவையெல்லாம் உண்மையான காரணங்கள். ஆனாலும் விரலுக்கு விலை பார்த்துவிட்டேனோ என்று உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. கிள்ளானில் ஒரு ஹார்ட்வேர் கடையில், பின்தகடும் மூடியும் உள்ள 10 அங்குல ரம்பம் இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கு வாங்கினேன். கடைப் பையன் பெட்டியைத் திறந்து காட்டும்போதே சொன்னான்: “மூடி கழட்டிடுங்க பொஸ். போட்டா ஸ்லோ லா.”

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சுவிட்ச் போடவில்லை. மார்க்கர் பேனாவால் ஒரு பல்லில் புள்ளி வைத்தார். அந்தப் பல்லை முன்னால் நிறுத்தி, மேசைப் பள்ளத்திலிருந்து தூரம் அளந்தார். அதே பல்லைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளந்தார். பின்னால் அரை மில்லிமீட்டர் குறைவு. “இதுதான் கவ்வும்” என்றார். அதைச் சரிசெய்யவே ஒரு மணி நேரம் ஆனது. எட்டரை விரல் என் பத்து விரலைவிட வேகமாகத் திருகாணி முடுக்கியது. பின்தகட்டைப் பொருத்தி, தட்டுக்கு நேராக நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். தள்ளுகட்டையைத் தானே பழைய பலகையில் வெட்டிக் கொண்டுவந்திருந்தார்.

முதல் பலகை கித்தாப் பலகைதான். அம்மா கிரில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் தள்ள, மாமா என் இடது பக்கம் தள்ளி நின்றார், பலகை பறந்தால் வரும் வழியில் நிற்காமல். அறுத்து முடித்ததும் விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தேன்.

“கைய எடு. நிக்கட்டும்.”

சுவிட்சை அணைத்துவிட்டுச் சத்தமாக எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. தட்டு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. ஆறில் பல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. எட்டில் நின்றது. “இப்ப எடு” என்றார். அலமாரிக்கு இன்னும் பதினோரு பலகை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எண்ணினோம்.